எடுபிடிகளை யாரும் எண்ணவில்லை

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று சென்னையிலிருந்து கேட்டிருந்தார்கள். மூளைத் திசுவின் படம். நரம்பு செல்லும் அதைச் சுற்றியிருக்கும் தாங்கு செல்களும் பளிச்சென்று தெரிய வேண்டும், பார்த்தவுடன் பிள்ளைகள் மிரண்டுவிடக் கூடாது. அவ்வளவுதான் வேலை. அரை மணியில் முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம் என்றுதான் ஜெமிமா நினைத்தாள்.

2052ஆம் வருடத்திலும் மூளையை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் போட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையை விட்டுச் சற்றுத் தள்ளியிருந்த அந்த மூளைத் திசுக் காப்பகத்தில் அப்படி ஒன்றரை லட்சம் தகடுகள் இருந்தன. எல்லாம் இறந்துபோனவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவை. ஜெமிமா அங்கே மூத்த ஆய்வக அலுவலர். இருபத்து நாலு வருட சர்வீஸ். எந்தத் தகடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

கைக்கு முதலில் எட்டிய இழுப்பறை, மனநோய்க்குக் கொடுக்கும் நிதானெக்ஸ் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுடையது. தகட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். நரம்பு செல்கள் கிளை விரித்து அழகாக நின்றன. சுற்றிலும் நீலப் புள்ளிகளாக இருக்க வேண்டிய தாங்கு செல்களைக் காணோம். சாயம் பழசாகிவிட்டது போல என்று அடுத்த தகட்டை எடுத்தாள். அதிலும் இல்லை. எட்டாவது தகடு வந்தபோது சாயத்தைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

தாங்கு செல் என்பது புத்தகப் பெயர். காப்பகத்தில் அவற்றுக்கு எடுபிடி என்றுதான் பெயர். நரம்பு செல்லுக்குச் சாப்பாடு கொண்டு வருவது, அது போடும் குப்பையை அள்ளுவது, அதன் வால் கம்பிக்குத் தோல் சுற்றிவிடுவது எல்லாம் இவைதான். யோசிக்கிற பெருமை மட்டும் நரம்பு செல்லுக்கு. மற்ற இடங்களில் எப்படியோ அப்படித்தான் மண்டைக்குள்ளும்.

இத்தனை வருடமாக இதை ஒருவரும் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. செல்களை மனிதர்கள் எண்ணிய காலம் மலையேறிவிட்டது. இப்போது எண்ணுவது 'எண்ணி' என்ற மென்பொருள். தகட்டைக் காட்டினால் பத்து விநாடியில் கணக்குச் சொல்லும், கண் வலிக்கிறது என்று சொல்லாது, கல்யாணத்துக்கு லீவு கேட்காது. அது சொன்ன கணக்கை வைத்துத்தான் நிதானெக்ஸ் மூளைக்குக் கெடுதல் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பின்னாளில், பதினைந்து வருடம் சாப்பிட்டவர்களின் மூளையிலும் நரம்பு செல் ஒன்றுகூடக் குறையவில்லை என்று எண்ணி சொன்னது. அது பொய் சொல்லவில்லை.

எண்ணிக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தவள் ஜெமிமா. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நாலு மாதம், நாற்பதாயிரம் படங்கள். ஒவ்வொரு படத்திலும் பெரிய செல்லைத் தொட்டு 'எண்ணு' என்றும், சின்னப் புள்ளியைத் தொட்டு 'விடு' என்றும் குறிக்க வேண்டும். அப்போது தலைவராக இருந்த மீராசா சார், "எடுபிடிக்கெல்லாம் கணக்கு எதுக்கும்மா, விட்ருங்க" என்றார். அவளும் விட்டாள். சுறுசுறுப்பாக, ஒரு பிழை இல்லாமல், 'விடு, விடு, விடு' என்று லட்சக்கணக்கில் விட்டாள். அந்த வருடம் சிறந்த ஊழியர் என்று ஒரு எவர்சில்வர் குத்துவிளக்குகூடக் கொடுத்தார்கள்.

எண்ணி அப்புறம் நாட்டிலுள்ள எல்லா ஆய்வகங்களுக்கும் போனது. எல்லாருடைய கண்ணும் ஜெமிமாவின் கண்ணாகிவிட்டது. அவள் பார்க்காததை யாருமே பார்க்கவில்லை.

அடுத்த ஒன்பது நாள் எண்ணியை அணைத்துவிட்டு, கையில் பென்சிலோடு உட்கார்ந்து அவளே எண்ணினாள். நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் பத்து எடுபிடி இருந்தால் ஆரோக்கியம். நிதானெக்ஸை ஐந்து வருடம் சாப்பிட்டவர்களுக்கு ஒன்பது இருந்தது. பத்து வருடத்துக்கு ஆறு. பதினாலு வருடத்துக்கு மூன்று. பதினாறுக்கு ஒன்றுமில்லை. பதினேழாவது வருடம் என்று ஒரு தகடுகூடக் காப்பகத்தில் இல்லை, ஏனென்றால் பதினேழாவது வருடத்தை யாரும் பார்க்கவில்லை.

அத்தனை பேர் செத்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்றால், அதுவும் வரவில்லை. மனநோய்க்காரர்கள் நாற்பது, ஐம்பதில் போய்விட்டால் ஊர் அதிர்ச்சி அடைவதில்லை. பாவம், விடுதலை கிடைத்தது என்று வீட்டுக்காரர்களிடமே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

பதினாலு என்ற எண்ணுக்கு எதிரே மூன்று என்று எழுதியதும் ஜெமிமா பென்சிலைக் கீழே வைத்தாள். அவள் தம்பி கிளாட்சன் நிதானெக்ஸ் சாப்பிட ஆரம்பித்துப் போன மாதத்தோடு பதினாலு வருடம்.

அவளுக்கு ஒன்பது வயது இளையவன். பதினைந்து வயதில் அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அந்த வருடம்தான் அவள் வேறு நல்ல வேலையை விட்டுவிட்டு இந்தக் காப்பகத்தில் சேர்ந்தாள். தம்பியின் மண்டைக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பத்து வருடத்தில் ஏழு மருந்து மாற்றினார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், அப்பாவின் முகத்தை மாட்டிக்கொண்டு வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று நம்பி, இரும்புக் குழாயால் அடித்து அவர் கையை உடைத்தான். எட்டாவதாக வந்தது நிதானெக்ஸ். மூன்றாவது மாதம் அவன் ஒருநாள் காலையில் அடுக்களைக்கு வந்து, "எக்கா, இன்னைக்கி வீடு அமைதியா இருக்குல்லா?" என்றான். அவள் தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள்.

இன்று சமாதானபுரத்தில் அவனுக்குச் சொந்தமாக ஒரு கிரில் பட்டறை. மனைவி சுபிதா. ஆறு வயதில் ஹெப்சி என்று ஒரு மகள். செவ்வாய்க்கிழமைதோறும் மனநல மருத்துவமனையில் புதிய நோயாளிகளுக்குக் கூட்டம் நடக்கும். அதில் கிளாட்சனைத்தான் மேடை ஏற்றுவார்கள். "என்னயப் பாருங்க" என்று ஆரம்பிப்பான். மருத்துவர்கள் ஒரு மணி நேரம் விளக்கியும் மாத்திரையைத் தொடாதவர்கள் அவன் ஐந்து நிமிடம் பேசினால் விழுங்கிவிடுவார்கள்.

பத்தாவது நாள் ஜெமிமா நேரே பட்டறைக்குப் போனாள். வழியெல்லாம் சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றே யோசித்தாள். அறிக்கை ஒன்பது பக்கம் எழுதிப் பையில் வைத்திருந்தாள். அதை அனுப்பினால் மருந்து நின்றுவிடும். கிளாட்சனுக்கும் சேர்த்து நின்றுவிடும். அவனைக் கேட்காமல் அவன் மண்டையைப் பற்றி முடிவெடுக்க அவளால் முடியவில்லை. உள்ளதைச் சொன்னால், 'அனுப்பாத எக்கா' என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகத்தான் வந்திருந்தாள்.

கிளாட்சன் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு எழுந்தான். "வா எக்கா. என்ன இந்நேரத்துல? வேலைக்குப் போலியா?"

"சும்மாதாம்ல வந்தேன்."

"சும்மா வார ஆளா நீ? மூஞ்சியப் பாரு, பத்து நாளு சாப்பிடாத மாதிரி." ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "டீ சொல்லட்டா?"

"டீ இருக்கட்டும். ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. நம்ம கோயில் அசனத்துல எத்தன பேரு சாப்பிட்டாங்கன்னு எப்பிடில எண்ணுவாங்க?"

வருடத்துக்கு ஒருமுறை ஊரையே உட்காரவைத்து ஆலயத்தில் போடும் பொதுச் சாப்பாடுதான் அசனம். கிளாட்சன் சிரித்தான். "எலைய எண்ணுவாங்க. இதக் கேக்கவா வந்த?"

"அப்ப சோறு வடிச்சவன், தண்ணி மொண்டு வச்சவன், எலை எடுத்தவன்?"

"அவனுவள யாரு எண்ணுதா? கடைசியில நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டுப் போவானுவ. நான் பத்து வருசமா எலை எடுக்கேன், என்னைய எந்தக் கணக்குலயும் சேத்ததில்ல."

"அவனுவள்ல வருசத்துக்கு ஒருத்தனா வராமப் போனா?"

"முதல்ல ஒண்ணுந் தெரியாது. இருக்கவன் இழுத்துப்போட்டுச் செய்வான். அப்புறம் ஒரு வருசம் ஆயிரம் எலை போட்டிருக்கும், சோறு வைக்க ஆளு இருக்காது." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் கண்ணைப் பார்த்து நிறுத்தினான். "எக்கா, நீ அசனத்தப் பத்திப் பேசல, என்ன?"

"இல்லல. ஒன் மாத்திரையப் பத்திப் பேசுதேன்."

சொன்னாள். தகடுகளைச் சொன்னாள், பத்து, ஒன்பது, ஆறு, மூன்று என்று எண்ணைச் சொன்னாள். எண்ணிக்குத் தானே சொல்லிக் கொடுத்ததையும் சொன்னாள். கிளாட்சன் கையுறையைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டான். பட்டறையில் வேலை செய்கிற இயந்திரக் கை ஒரு பக்கம் தன்பாட்டுக்குக் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்தான்.

"பதினாறு முடிஞ்சா என்ன ஆவும்?"

"ஒரு மாசத்துல ஒவ்வொண்ணா அணைஞ்சிரும். ஞாபகம், பேச்சு, நடை. பெறகு மூச்சு."

"வலிக்குமா?"

"வலிக்காது."

"இப்பவே நிப்பாட்டிட்டா?"

"இருக்க மூணு நிக்கும். தானே நிப்பாட்டுனவங்களோட தகடையும் பாத்தேன். குறையல. கூடவும் இல்ல. அத வச்சு இருவது வருசங்கூட ஓடலாம்."

"ஓடலாம்" என்றான் கிளாட்சன். "ஆனா அவன் வந்துருவான்."

நோயோடு இருந்த தன்னை அவன் எப்போதும் அவன் என்றுதான் சொல்வான்.

"இந்த மருந்து நின்னா வேற மருந்து கெடையாதுல ஒனக்கு. ஏழும் பாத்தாச்சு. அதான் கேக்க வந்தேன். நீ வேண்டாம்னா நான் அனுப்பல. ரெண்டு வருசம் கழிச்சு அனுப்புதேன்." குரல் கெஞ்சலாக வந்தது. அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

கிளாட்சன் கணக்குப் போடுவது போல் தரையைப் பார்த்தான். "நாடு முழுக்கப் புதுசா ஒரு நாளைக்கி எத்தன பேரு இத ஆரம்பிக்காங்க?"

"நானூறு இருக்கும்."

"ஒரு நாளைக்கா?"

"ம்."

"போன செவ்வாக்கிழம ஒரு பிள்ள வந்திருந்தா எக்கா. பத்தொம்பது வயசு இருக்கும். எல்லாரும் முழுங்கிட்டாங்க, அவ மட்டும் மாத்திரைய உள்ளங்கையில வச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் தலையாட்டுனேன். அதுக்கப்புறம்தான் முழுங்குனா." கையுறையை எடுத்து உதறினான். "நீ லேசாச் சொல்லிட்ட, ரெண்டு வருசம்னு. அந்த ரெண்டு வருசமும் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடையில ஏறுவேன்?"

"மேடைக்குப் போவாத. வீட்ல இரி. ஹெப்சி கூட இரி."

"அனுப்பிரு எக்கா."

"கிளாட்சன், நல்லா யோசிச்சு..."

"யோசிக்க இன்னும் மூணு இருக்குல்லா? யோசிச்சிட்டேன். அனுப்பிரு. சுபிதாட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிட்டான். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்று அவளைத் திரும்பி நிற்கச் சொன்னான். அவள் தெருவைப் பார்த்து நின்றாள். கிடைக்கும் என்று நினைத்து வந்தது கிடைக்கவில்லை. அதற்குப் பதில், அவள் தம்பி அவளைவிட நல்லவன் என்பது தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே காப்பகத் தலைவர் டாக்டர் நல்லபெருமாளின் அறைக்குள் போனாள். அறிக்கை டெல்லியிலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டுமானால் அவர் கையெழுத்து வேண்டும். நல்லபெருமாள் மூன்று வருடமாகத் தலைவர். யாரையும் கடிந்து பேசாதவர். தினமும் ஐந்து மணி அடித்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று ஊழியர்கள் கேலி செய்வார்கள்.

ஒன்பது பக்கத்தையும் அவர் நிதானமாகப் படித்தார். எப்படி எண்ணினீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனை தகடு என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு யாரு?"

ஜெமிமாவுக்குப் புரியவில்லை. "சார்?"

"நிதானெக்ஸ் சாப்பிடுறது. உங்க வீட்டுல யாரு?"

"தம்பி சார்."

"எத்தனாவது வருஷம்?"

"பதினாலு முடிஞ்சிட்டு."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு மனைவி, செண்பகம். பதினஞ்சு வருஷம் அஞ்சு மாசம்."

கீழ் இழுப்பறையைத் திறந்து இரண்டு கட்டு காகிதங்களை எடுத்து அவள் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் மீராசா சாரின் கையெழுத்து. இன்னொன்றில் அவருடையது. இரண்டிலும் அதே கணக்கு. பத்து, ஒன்பது, ஆறு, மூன்று. அவள் ஒன்பது நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தது ஏழு வருடமாக இந்த மேசைக்குள் இருந்திருக்கிறது.

"மீராசா சாருக்கு மகன்" என்றார் நல்லபெருமாள். "மருந்து சோதனை நடந்தப்பவே சேர்ந்த பையன். அவர் இதைக் கண்டுபிடிச்சப்ப அவனுக்கு ஒரு வருஷம் பாக்கி. இந்த ஒரு வருஷம் போகட்டும்னு வச்சிருந்தார். பையன் போயிட்டான். நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிச்ச மறுநாள் அறிக்கையை எடுத்துக்கிட்டு வந்தார், அனுப்புறதுக்கு. நான் அவருக்குக் கீழே வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். இப்ப நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில உக்காந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்."

"அவர் அனுப்பலியா?"

"எப்படி அனுப்புவார்? தன் பையனுக்குன்னா பொறுத்தவர், என் பொண்டாட்டிக்குன்னா பொறுக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? என்னையே அறிக்கை எழுதச் சொல்லி, எனக்கு மனசு வர்றப்ப அனுப்புன்னு சொல்லிட்டு ரிட்டயர் ஆயிட்டார்."

ஜெமிமாவுக்குக் கோபம் வந்தது. "அதுக்குள்ள எத்தன லட்சம் பேரு சார்?"

"கணக்கு எனக்கும் தெரியும்மா."

"பழைய ஆளுகளுக்கு மட்டும் குடுங்க, புதுசா யாருக்கும் ஆரம்பிக்காதீங்கன்னு எழுதலாமே. அவிய கேக்க மாட்டாங்களா?"

"விக்காத மருந்தை எந்தக் கம்பெனி செய்வான்? விஷயம் வெளியே வந்த அன்னைக்கே ஆலையைப் பூட்டிட்டு வழக்குக்கு வக்கீல் தேடப் போயிடுவான். வேற ஒரு மருந்துல அப்படித்தான் நடந்துது. ஒரே வாரம். கடையில அட்டை தீர்ந்துபோச்சு." அவர் மூன்று அறிக்கைகளையும் ஒன்றாக அடுக்கித் தட்டினார். "நான் நிறைய யோசிச்சுப் பார்த்தேம்மா. இந்த வேலைக்கு யார் வர்றாங்க சொல்லுங்க. வீட்டுல ஒருத்தருக்கு மூளையில கோளாறுன்னாதான் வர்றோம். இல்லாட்டி யாரு வந்து செத்தவங்க மூளையைச் சீவிக்கிட்டு உக்காருவா? அதனால இதைக் கண்டுபிடிக்கப் போறது எப்பவும் நம்ம மாதிரி ஆளுங்கதான். சொல்ல முடியாமப் போறதும் நாமதான்."

வெளியே யாரோ தகடுப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"என் தம்பிகிட்ட சொல்லிட்டேன் சார்" என்றாள் ஜெமிமா. "அவனே அனுப்பச் சொல்லிட்டான்."

நல்லபெருமாள் முதன்முறையாகத் திடுக்கிட்டார். "சொல்லிட்டீங்களா?" நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "நான் செண்பகத்துகிட்ட சொல்லல. தைரியம் வரல." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஏழு மாசம் குடுங்க. ஏழு மாசந்தான். அதுக்கப்புறம் நானே என் கையெழுத்தைப் போட்டு அனுப்பிடுறேன். இப்ப மருந்து நின்னுதுன்னா, அவ உயிரோட இருக்கிற மிச்ச நாளெல்லாம் என்னைப் பார்த்துப் பயந்துக்கிட்டே கட்டிலுக்கு அடியில கிடப்பா. பழைய மாதிரி."

ஜெமிமா மனதில் கணக்குப் போட்டாள். போட வேண்டும் என்று நினைத்துப் போடவில்லை, அது தானாக வந்தது. ஏழு மாதம் கழித்து அறிக்கை போனால், கிளாட்சனுக்கு இன்னும் ஒன்றரை வருடம் மிச்சம் இருக்கும்போது மருந்து நின்றுவிடும். ஹெப்சிக்கு அப்போது ஏழு வயதுகூட ஆகியிருக்காது.

பட்டறையில் கிளாட்சன் சொன்னது அத்தனையும் அவளுக்கு நினைவிருந்தது. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் உள்ளங்கைகூட நினைவிருந்தது. இருந்தும் வாய் வேறு எதையோ சொன்னது.

"ஏழு மாசத்துக்கு அப்புறம்... இன்னும் ஒன்றரை வருசம் பொறுப்பீங்களா சார்?"

நல்லபெருமாள் ஆச்சரியப்படவில்லை. மூன்று அறிக்கைகளையும் எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினார்.

"நானும் மீராசா சார்கிட்ட இதையேதான் கேட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலம் கிளாட்சன் போன் செய்தான். "அனுப்பிட்டியா எக்கா?"

"அனுப்பிட்டேன்" என்றாள். இவ்வளவு எளிதாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

ஒரு பொய் சொன்னால் அதோடு முடிந்துவிடுகிறதா என்ன? அடுத்த வாரமே அவன் கேட்டான். "அந்தப் பத்தொம்பது வயசுப் பிள்ளட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிரட்டா? பாவம், நம்பி முழுங்குனா."

"வேண்டாம்ல. அறிவிப்பு வரட்டும். நீ பாட்டுக்குச் சொல்லி, அவ திடீர்னு நிப்பாட்டி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா?" என்றாள். அவன் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டான். அங்கே ஒன்றும் குறைந்துபோகவில்லை. அவன் பேசியதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டுக் காட்டினார்கள்.

ஜெமிமா தினமும் வேலைக்குப் போனாள். புத்தகத்துக்கு வேறு இழுப்பறையிலிருந்து ஒரு நல்ல படம் எடுத்து அனுப்பினாள். சென்னையிலிருந்து நன்றி சொல்லிக் கடிதம் வந்தது. சில நாட்களில் காலையில் கணினி முன்னால் உட்கார்ந்து, அறிக்கையைத் திறந்து, யார் கையெழுத்தும் இல்லாமல் நேரே செய்தித்தாளுக்கு அனுப்பிவிட முகவரியெல்லாம் போட்டு வைப்பாள். அப்போதெல்லாம் கிளாட்சன் ஹெப்சியைப் பைக்கில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோகும் நேரமாக இருக்கும். மூடிவிடுவாள். ஒரு நாளைக்கு நானூறு என்று மனது ஒரு பக்கம் எண்ணிக்கொண்டே இருந்தது. அந்த எண்ணிக்கையை 'விடு' என்று சொல்ல அவளுக்கு இப்போதும் பழக்கம் இருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளாட்சன் அவளைச் சாப்பிட வரச் சொன்னான். ஆட்டுக்கறிக் குழம்பு. சுபிதா பரிமாறினாள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் ஜெமிமாவின் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். "மைனி, ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. முதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளாட்சன், "வா எக்கா, ஒண்ணு காட்டுதேன்" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனான். சாமான் போட்டு வைக்கும் அறை அது. சாமான்களைக் காலி செய்து வெள்ளையடித்திருந்தான். உள்ளே ஒரு கட்டில், தரையோடு திருகி வைத்திருந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, அதற்குப் பதில் கம்பி வலை. வாசலில் பழைய மரக் கதவைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரு கிரில் கதவு மாட்டியிருந்தான். முக்கால் அங்குலச் சதுரக் கம்பி. ஒவ்வொரு கணுவிலும் இரட்டை வெல்டிங். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கீழே ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து.

ஹெப்சி ஓடி வந்து கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். "அத்த, அப்பா மொயல் வளக்கப் போறாங்க!"

"பெரிய மொயலு" என்றான் கிளாட்சன். "போ, அம்மா கூப்பிடுதா பாரு." குழந்தை ஓடியதும் கதவைத் திறந்து உள்ளே போனான். "நீ வெளிய நின்னு தாழ்ப்பாளப் போடு. சுபிதாவ போடச் சொன்னா அழுதா. ஒருத்தராச்சும் போட்டுப் பாக்கணும்லா?"

ஜெமிமா தாழ்ப்பாளைப் போட்டாள். கிளாட்சன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினான். பிறகு நாலு அடி பின்னால் போய், ஓடி வந்து தோளால் மோதினான். கதவு அசையவில்லை. சுவரிலிருந்து ஒரு பொட்டு சுண்ணாம்புகூட உதிரவில்லை. ஒரு வேலையை நன்றாகச் செய்து முடித்தவனின் திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது.

"அவனுக்கு என்னைய மாதிரி ரெண்டு பங்கு பலம்" என்றான் மூச்சு வாங்க. "ஆனா இத ஒண்ணுஞ் செய்ய முடியாது. ஹெப்சி இனி பயப்படாம வீட்டுக்குள்ள ஓடியாடலாம். டெல்லியில இருந்து ஏதாச்சும் வந்துச்சா எக்கா?"

"வரும்ல. சர்க்கார் காரியம். மெதுவாத்தான் நடக்கும்."

"நடக்கட்டும். இந்த மாசம் கைவேல எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துருவேன்." கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் தோளைத் தட்டினான். "நல்லவேள எக்கா, இது ஒங்கண்ணுல பட்டுச்சு. வேற யாராச்சும் பாத்திருந்தா தன் ஆளுக்காக மூடி மறைச்சிருப்பாங்க."

ஜெமிமா தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்தாள். புது இரும்பு, இன்னும் எண்ணெய் போடவில்லை. இழுத்தாள், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இழுத்த அவசரத்தில் அது இன்னும் இறுகியது. கண்ணை மறைத்த நீரைத் துடைத்துக்கொள்ளவும் கை ஒழியவில்லை.

"மெதுவாத் திற எக்கா" என்றான் கிளாட்சன் உள்ளேயிருந்து. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."